பித்துக் கணக்கு

சிக்கந்தர் ஈரலைத் தொடும்போது மட்டும்
பேச்சை நிறுத்திவிடுவார்.
தொடைக்கும் நெஞ்சுக்கும் ஊர்க்கதை உண்டு,
ஈரலுக்குக் கிடையாது.
கத்தியை வைத்துவிட்டு நகத்தால் நெம்பி
அந்தப் பச்சைப் பையைக்
காம்போடு தூக்குவார்.
"பித்து உடைஞ்சா முழு ஈரலும் போச்சு."

புதுவயலில் அரிசி ஆலை ஆட்கள் சாப்பிடும் மெஸ்ஸில்
கணக்கு எழுதுகிறவள் நான்.
ஞாயிறு வறுவலுக்குச் சரக்கு எடுப்பதும் நானே.
பதினெட்டு வருஷம் நின்று பார்த்தும்
எனக்குள் அப்படியொன்று தொங்குவது தெரியாது,
பங்குனியில் ஒரு ராத்திரி
வலது விலாவுக்கு அடியில் யாரோ
ஸ்பேனர் போட்டு முறுக்கும்வரை.

காரைக்குடியில் ஸ்கேன் எடுத்த பெண்
திரையைத் திருப்பிக் காட்டினாள்.
கறுப்பாய் ஒரு ஊருணி.
ஈரல் ஓயாமல் வடிப்பதை வாங்கி வைக்கும் குழி.
தண்ணீரைக் கரையே உறிஞ்சிவிட,
கோடையில் ஆவதுபோல
மிச்சம் பச்சையாய்த் தடித்துக் கிடக்கும்.
நெய்யோ நல்லெண்ணெயோ இரைப்பையைத் தாண்டினால்
ரத்தத்தில் ஒரு ஆள் ஓடிவந்து சொல்வான்,
மடை திறக்கும்.
என் மடையில் கல்.
பதினொன்று.

"பித்தம் தலைக்கேறிடுச்சு இவளுக்கு" என்று
எத்தனையோ தடவை சொன்னவர் என் வீட்டுக்காரர் சேவுகன்.
அது ஏறுவதே இல்லை என்றார் டாக்டரம்மா.
இறங்குவதுதான் அதன் வேலை.
இறங்கி, எண்ணெயைப் பொடித்துளியாய் உடைத்து,
தண்ணீரோடு ஒட்டாததைத்
தண்ணீரோடு ஒட்டவைப்பது.

அடுத்துச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது.
வேலை முடிந்த பித்தத்தைக்
குடலின் கடைக்கோடியில் பொறுக்கியெடுத்து,
நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கை
மறுபடி ஈரலுக்கே அனுப்பிவிடுமாம் உடம்பு.
அதே சரக்கு, நாளுக்குப் பல நடை.
கொண்டுவிக்கக் கடல் தாண்டியவர்கள் பிறந்த பக்கம் இது,
முதல் கெடாமல் சுற்றும் கணக்கு
எனக்குப் புரியாமலா போகும்?
திரும்பாத ஐந்து பங்கை
ஈரல் தன் கைக்காசு போட்டு ஈடுகட்டும்.
நிறம்கூடச் செத்த ரத்தத்தின் நிறம்:
நூற்றிருபது நாள் ஓடி ஓய்ந்த சிவப்பு
பச்சையாகி, மஞ்சளாகி.
வெறும் கசப்பு என்று
தப்பான பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன் இத்தனை காலம்.

பையை எடுத்துவிட்டார்கள்.
கல்லை ஒரு குட்டி டப்பாவில் போட்டுத் தந்தார்கள்.
சேவுகன் குலுக்கிப் பார்த்தார், புளியங்கொட்டைச் சத்தம்.
"இனிமே எங்க சேத்துவைப்ப?"
எங்கேயும் இல்லை.
சொட்டுச் சொட்டாய், பசித்தாலும் பசிக்காவிட்டாலும்,
வாஷர் போன குழாய் மாதிரி.
வெள்ளைப் பணியாரம் ஒன்று தாங்கும்.
நாலு தின்றால் ஓட்டம்தான்.

இந்த ஞாயிறு சிக்கந்தரிடம்,
எறியாதீங்க, கையில குடுங்க, என்றேன்.
ஒரு பார்வை பார்த்தார்.
என் ஆபரேஷன் அவருக்கும் தெரியும்.
இலைக் கிழிசலில் வைத்து நீட்டினார்.
சூடு ஆறவில்லை. கனமே இல்லை.
கடைசியாய்த் தின்ற கருவேலங்காய்க்கு என்று
அந்த ஆடு எடுத்துவைத்திருந்ததோ என்னவோ,
திறக்க நேரமில்லாமல்.

"அக்கா, நகருங்க" என்றது பின்னால் ஒரு குரல்.
ஈரல் மூன்று கிலோ, எழுதிக்கொண்டேன்.
பச்சைக்கு எந்தப் பக்கம் எழுதுவது?
பேனா மூடியைத் திறந்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.