கேள்வி இருபத்து மூன்று

பிளாண்டயர். ஆண்கள் எலும்பு முறிவு வார்டு.
நாற்பது கட்டில். கட்டிலுக்கு அடியில் நாற்பது பாய்.
பாய்களுக்கு எண் கிடையாது.

பன்னிரண்டில் லிகாக்வா.
தொடை எலும்பு இரண்டாய்.
முழங்காலுக்குக் கீழே குறுக்காக ஒரு கம்பி,
கம்பியில் கயிறு, கயிற்றுக்குக் கப்பி,
கப்பிக்கு அப்பால் பழைய எண்ணெய்க் குடுவையில்
ஏழு லிட்டர் தண்ணீர் தொங்குகிறது.
ஆறு வாரம் காலை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும்.
இழுப்பது பூமி. பூமி கூலி கேட்பதில்லை;
என் படிவத்தில் அதற்குக் கட்டமும் இல்லை.

நான் லிலோங்வேயிலிருந்து வந்தவன்.
விபத்துகளால் நாட்டுக்கு எவ்வளவு நட்டம் என்று
அமைச்சகத்துக்குத் தெரிய வேண்டுமாம்.
முப்பத்தொரு கேள்வி, ஒரு பென்சில்,
நாளுக்கு எட்டுப் பேர்.

"விபத்துக்கு முன் மாத வருமானம்?"
"மாதமா?"
சிரித்தார். சிரித்தால் கயிறு ஆடுகிறது,
கயிறு ஆடினால் முகம் கோணுகிறது.
"வெயில் நாளில் லிம்பே சந்தைக்குப் பதினாலு சவாரி.
மழை நாளில் மூன்று.
சோள அறுப்பில் சைக்கிளுக்கு ஆளே வராது.
நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்."
பெருக்கினேன்.
படுத்திருப்பவரைவிடப் பணக்காரர் ஒருவர் வந்தார்.
குறைத்து எழுதினேன்.

இடித்தது மரம் ஏற்றிய லாரி. நிற்கவில்லை.
லாரி வேறு துறை.

கேள்வி இருபத்து மூன்று:
உடனிருப்பவர் இழந்த வருமானம்.
பாயில் எனெலெசி, அவர் மனைவி.
தக்காளி விற்றவள். ஆறு பழம் ஒரு கூறு.
"கடை?"
"தரையில்."
"உரிமம்?"
"தரைக்கா?"
உரிமம் இல்லையேல் சுழியம் என்கிறது கையேடு.
சுழியத்தை வட்டமாகப் போட எனக்கு நன்றாக வரும்.

மூத்தவள் டிசுங்கே, ஏழாம் வகுப்பு,
இப்போது வீட்டில் தம்பிகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறாள்.
பதினைந்துக்குக் கீழெனில் கோடிட்டுவிடவும்.
கோடிட்டேன்.

சைக்கிளை ஒன்பதாம் நாளே விற்றுவிட்டார்கள்,
எட்டாம் கட்டிலின் மைத்துனனுக்கு,
நெளிந்த சக்கரத்துக்கு விலை தள்ளி.
அது விற்பனை; இழப்பில் சேராது.
அவன் நாளை அதே சாலையில் மிதிப்பான்.
காலில் ஏறிய கம்பி உற்பத்தி,
மாத்திரை உற்பத்தி,
இனிமேல் செய்யப்போகும் ஊன்றுகோலும் உற்பத்தி.
கல்லூரியில் இதைத் தேர்வில் எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவன் நான்:
ஒரு தொடை முறிந்தால் நாட்டின் வளர்ச்சி
மயிரிழை ஏறும்.

எழுந்திருக்கும்போது எனெலெசி கேட்டாள்,
"எல்லாரையும் கூட்டினால் எவ்வளவு வரும்?"
"பல கோடி குவாச்சா."
குடுவையையே பார்த்திருந்தாள்.
"அவ்வளவும் எங்களிடமிருந்தா போயிற்று?
எங்களிடம் அவ்வளவு இருந்ததே இல்லையே."

குறியீட்டுப் பட்டியலைப் புரட்டினேன்.
தொண்ணூற்றேழு: பொருந்தாது.
தொண்ணூற்றெட்டு: தெரியாது.
தொண்ணூற்றொன்பது: பதில் சொல்ல மறுத்தார்.
மூன்றும் அவளுடையதல்ல;
மூன்றாவது வேண்டுமானால் என்னுடையது.

வராந்தாவில் நின்று சுழியத்தை அழித்தேன்.
ஆறு பழம் ஒரு கூறு,
நாளுக்கு முப்பது கூறு,
நாற்பத்திரண்டு நாள்.
ஓரத்தில் சின்னதாகப் போட்டுப் பார்த்தேன்.
பென்சிலில் எழுதினால் மேற்பார்வையாளர் அழித்துவிடுவார்,
ரப்பர் அவரிடமும் இருக்கிறது.

செவிலியிடம் பேனா கடன் வாங்கினேன்.
திருப்பிக் கொடுக்க மறந்துபோனது.
பேருந்து ஜோம்பாவைத் தாண்டிய பிறகுதான்
சட்டைப் பையில் குத்தியது.