பன்னிரண்டாவது ஆள்

இரண்டாம் எண் பேருந்து
சாங்கி வில்லேஜில் என்னை உதறிவிட்டுத் திரும்பியது.
படகுத்துறையில் என்னோடு பதினோரு பேர்.
பன்னிரண்டு சேர்ந்தால்தான் கயிறு அவிழும்.
படகுக்காரர் இன்னொருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு
செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.
அட்டை தட்டியே பழகிய கை
பையில் நாலு வெள்ளியைத் துழாவுகிறது.

எதிரே உபின்.
தன்னையே உடைத்து உடைத்து
இந்தக் கரைக்கு ஏற்றியனுப்பிய தீவு.
கற்கள் ஆள் சேரக் காத்திருக்கவில்லை.
நான் வந்த சாலைக்கடியில்
அதன் விலா ஒன்று கிடக்கலாம்.
மிச்சம், பள்ளமும்
பள்ளத்தில் பச்சைத் தண்ணீரும்.
அதைப் பார்க்கத்தான் போகிறேன்,
போனால்.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள்.
மாப்பிள்ளை கார் வந்ததுபோல்
பதினோரு பேரும் எழுந்து நின்றோம்.

மூச்சு வாங்கக் கேட்டாள்:
"டாய்லெட் எந்தப் பக்கம்?"