பத்தொன்பது

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி, எட்டாம் எண் அறை.
மேசைக்கு அந்தப் பக்கமிருந்த என் நாற்காலியை
இந்தப் பக்கம் இழுத்துப் போட்டேன்.
ஆவுடையப்பன் உட்காரவில்லை.

"நேத்து குடிச்சிட்டேம் மேடம்."

ஏன் என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்தது.
மனைவி கேட்டாயிற்று.
மார்க்கெட் மேஸ்திரி கேட்டாயிற்று.
விடிய விடிய அவரே கேட்டிருப்பார்.
விழுங்கினேன்.

மாத்திரை வரிசையில் யாரோ இருமினார்கள்.
அந்த ஒரு நிமிடத்தை
எதையாவது சொல்லி நிரப்பிவிடத் துடித்தது வாய்.
விடவில்லை.

"அதுக்கு முந்தி எத்தனை நாள்?"

நயினார்குளத்தில்
வெங்காய மூட்டை எண்ணும் விரல்கள்
நடுங்கி, தவறி,
மறுபடி முதலிலிருந்து மடங்கின.
"பத்தொம்பது."
சொன்னவரே திடுக்கிட்டார்.
பிறகுதான் உட்கார்ந்தார்.

"எந்த ராத்திரி ரொம்பக் கஷ்டம்?"

"ஆறாவது. கை கால்லாம் ஒதறுது.
குறுக்குத்துறைப் படியில போயி
தண்ணிக்குள்ள காலப் போட்டுட்டு இருந்தேம்.
கெண்டைக்குஞ்சு கடிச்சிட்டே கெடந்துது.
விடிஞ்சிட்டு."

கோப்பில்
'மீண்டும் குடித்தார்' என்பதற்கு ஒரு கட்டம் உண்டு.
டிக் போட்டேன்; பொய் எழுத முடியாது.
ஆற்றுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில், சாய்வாக,
இடம் போதாமல் எழுதினேன்:
ஆறாம் இரவு. குறுக்குத்துறை. கெண்டைக்குஞ்சு.