ஒட்டுப்பால்

ஈரலுக்குப் போகிற பெரிய குழாயில்
ரத்தம் கட்டிக் கிடக்கிறதாம்.
வழி அடைந்ததால் உணவுக்குழாயில்
நரம்பு புடைத்து, உடைந்து,
என் மடியெல்லாம் நனைந்தது.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
டாக்டர் ஷெர்லின் படம் வரைந்து காட்டினாள்.

உறையவும் செய்கிறது, ஓடவும் செய்கிறது.
ஒரே ரத்தம்.

பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்கள்
எங்களையும் பார்த்து "குடியா?" என்றார்கள்.
குடிதான்.
அவர் விட்டு நாலு வருசம்,
ஈரல் விடவில்லை.

பொன்மனையில் முந்நூறு மரம் வெட்டுகிறவர்.
ஷீட் அடிக்கிறது நான்.
பால் ஆசிட்டுக்கு உறையும்.
மழை விழுந்தால் சிரட்டை நிறைந்து
பட்டை வழியே வெள்ளையாக மண்ணில் போகும்.
மூணு மணிக்கு எழுந்து
முற்றத்தில் நின்று மூக்கை உயர்த்துவார்.
"இண்ணைக்கு வேண்டாம்" என்று வந்து படுப்பார்.
ஏழு மணிக்கு மழை பெய்யும்.
பெய்யாத நாளும் உண்டு.
அந்தக் கூலி எங்கள் கணக்கிலே போகும்.

டாக்டருக்கு மூக்கு இல்லை, போன் இருக்கிறது.
மஞ்சள் எவ்வளவு, வயிற்றில் நீர் எவ்வளவு,
மண்ணீரல் பதினேழு சென்டிமீட்டர்,
தட்டணு நாற்பத்தெட்டாயிரம்.
ஒவ்வொன்றாக அழுத்தினாள்.
"ஆறு வாரத்துக்குள்ள திரும்ப ரத்தம் வர
நூத்துக்கு முப்பது, அக்கா."
அந்த முப்பதில் சத்தியநேசன் உண்டா என்று கேட்டேன்.
போனைக் கவிழ்த்து வைத்தாள்.
"கட்டி உள்ளவங்களை வச்சு
இந்தக் கணக்கைப் போடலை.
பாதி ஊகம்தான்."
அப்போதுதான் அவளை எனக்குப் பிடித்தது.

கட்டியைக் கரைக்க மருந்து உண்டு.
கொடுத்தால் உடைந்த இடம் ஓடலாம்,
கொடுக்காவிட்டால் கட்டி வளரலாம்.
மரத்தின் வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை
விரலால் இழுத்து உரித்தால்தான்
அடுத்த வெட்டு ஓடும்.
ஓடுகிறதுதான் அங்கே எங்களுக்குச் சோறு.
இங்கே
உரிக்கச் சொல்லவா, விடச் சொல்லவா?
"புண் ஆறட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றாள் அவளே.

வாய்வழி குழாய் விட்டு
புடைத்த நரம்புகளில் ஆறு வளையம் மாட்டினார்கள்.
"என்ன வளையம்?"
"ரப்பர்."
ரத்தம் கக்கின ஐந்தாம் நாள்
அவர் முதல்முறை சிரித்தார்:
"எந்தத் தோட்டத்துக்க பாலோ."

வீட்டுக்கு வந்து பதினெட்டு நாள்.
ஷீட் மெஷினில் சாக்குக்கட்டியால்
கிறிஸ்துதாஸ் ஆட்டோ நம்பர் எழுதியிருக்கிறேன்.
மரங்கள் வெட்டாமல் நிற்கின்றன,
ஒட்டுப்பால் கறுத்து, கல்லாகி.

மூணு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும்.
ஹெட்லைட்டை நெற்றியில் மாட்டிக்கொண்டு
கக்கூசுக்குப் போவார்.
தார் மாதிரி கறுப்பாகப் போனால்
உடனே வரச் சொல்லியிருக்கிறாள்.
கதவிடுக்கில் வெளிச்சம்
கீழே குனிகிறது,
ரொம்ப நேரம் அசையாமல் இருக்கிறது.

"எப்படி?"

"இண்ணைக்கு இல்ல."

மழை வாடை எனக்கே வருகிறது.