விற்காத பத்து நாள்

எங்கள் நாட்டில் லீவை விற்கலாம்.
முப்பது நாளில் பத்தைக் கம்பெனிக்கே
திருப்பிக் கொடுத்தால் கையில் காசு.
ஒன்பது வருஷம் விற்றேன்.
ஒரு ஜூலை, குளிர்பதனப் பெட்டியாக
சமையலறையில் உறுமிக்கொண்டு நிற்கிறது.
ஒரு ஜூலை, இவோனியின் பல்லில் கம்பியாக இருந்து
பிறகு கழற்றி எறியப்பட்டது.
மற்ற ஏழும் எங்கே போயின
ஓஸ்மாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இந்த முறை படிவத்தில்
'விற்கிறேன்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன்.
வால்டெசிர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.
உடம்பு சரியில்லையா, ஜுரேமா?
நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.
அதை எழுத
படிவத்தில் இடம் இல்லை.

சாந்தோஸ் துறைமுகத்தில், நாற்பது மீட்டர் உயரத்தில்,
கண்ணாடித் தரை போட்ட கூண்டில் என் வேலை.
பதினோரு வருஷமாகக் குனிந்தே இருக்கிறேன்.
உலகம் எனக்கு மூடிகளாகத்தான் பழக்கம்.
பெட்டிகளின் மூடி, லாரிகளின் மூடி,
மனிதர்கள் என்றால் மஞ்சள் தலைக்கவசம்.
யாருக்கு மீசை இருக்கிறது என்பதை
சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்துகொள்வேன்.

கனனேயாவில் வீடு எடுத்தோம்,
அலையாத்திக் காட்டுக்கு எதிரே.
குழாய்த் தண்ணீரில் இரும்பு வாடை.
முதல் நாள் நான்கு மணிக்கே விழித்து
எங்கே போவதென்று தெரியாமல் செருப்பைப் போட்டேன்.
மூன்றாம் நாள் சாப்பாட்டு மேசையில்
ஓஸ்மார் உப்பு கேட்டான்.
என் கை சீசாவைத் தூக்கி,
அந்தரத்தில் நிறுத்தி,
ஆட்டம் அடங்கக் காத்திருந்து,
அவன் தட்டுக்குப் பக்கத்தில்
விளிம்போடு விளிம்பு சேர இறக்கியது.
அவன் சிரிக்கவில்லை.
கைக்கு யாரும் லீவு எழுதித் தரவில்லை போல, என்றான்.

ஆறாம் நாளிலிருந்து மழை.
அலுத்துப்போனது. அதை மறைக்க மாட்டேன்.
ஒவ்வொரு நாளும் என்ன விலை போயிருக்கும் என்று
பழைய ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்.
அன்றைய மழை, வண்டிக்கு ஒரு டயர்.
மறுநாள் மழை, இன்னொரு டயர்.
வால்டெசிர் கூப்பிட்டான். மூன்றாம் கிரேனில்
பிரேக் முனகுகிறதாம், நான் இருந்தால் கேட்டுச் சொல்வேனாம்.
தொலைபேசியை ரொட்டிப் பெட்டியில் போட்டு மூடினேன்.
ரொட்டிப் பெட்டி இரண்டு நாள் முனகியது.

பிறகு எந்த நாள் என்று ஞாபகமில்லை,
வலையூஞ்சலில் மல்லாந்து கிடந்தேன்.
வேறு ஒன்றும் செய்யவில்லை.
மேசைக்கு அடிப்பக்கம் உண்டு.
அங்கே தச்சன் பென்சிலால் ஏதோ கூட்டி
தப்பாகக் கூட்டி, அடித்திருந்தான்.
கூரைக்கு அடிப்பக்கம் உண்டு, அதில் குளவிக்கூடு.
சிவப்புக் குருகு ஒன்று தலைக்கு மேலே போனது,
அதற்கு வயிறு இருந்தது.
இவோனி காபியோடு வந்து குனிந்து நின்றாள்.
அவள் தாடைக்குக் கீழே
வெள்ளைக் கோடாக ஒரு தழும்பு.
இது எப்போதடி?
எட்டு வயசில், அம்மா. குளியலறையில் வழுக்கினேன்.
உனக்கு அன்று இரட்டை ஷிப்ட்.
சர்க்கரை போதுமா என்று கேட்பதைப் போலத்தான் சொன்னாள்.
காபி ஆறும் வரை
அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபத்தோராம் நாள்,
ஒன்பது வருஷமாக நான் கண்ணால் பார்க்காத நாள்.
விற்றவளுக்குத் தெரியாதே
என்ன விற்றாள் என்று.
எழுந்தபோது மணி பத்து.
சிப்பி விற்கும் தார்சீசியோ வந்து
கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தான்.
வயிற்றின் மேல் என் வலது கை கிடந்தது,
வேறு யாரோ மறந்து வைத்துப் போனது போல,
கனமாக, சூடாக.

மத்தியானம் ஓஸ்மார் உப்பு கேட்டான்.
கொடுத்தேன்.
கொஞ்சம் சிந்தியது.