செம்பு ஒட்டாது

ருஸ்தாவியில் நான் பார்க்கும் வேலைக்குக்
கைக்கடிகாரம் ஆகாது.
சேர்ந்த முதல் வாரமே என்னுடையது
மூன்றேகாலில் நின்றுவிட்டது.
மணி தெரிய வேண்டுமென்றால்
கீழே எடைமேடையில் நிற்கும் மல்ஹாஸைக் கேட்பேன்.
அவனும் கூட்டித்தான் சொல்வான்,
சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமென்று.

கிரேனில் தொங்குவது ஒரு வட்டு.
ஒன்றரை டன். அண்டா மூடி மாதிரி இருக்கும்.
மின்சாரம் இல்லாதபோது அதுவும் பழைய இரும்புதான்,
ஒரு குண்டூசிகூட மதிக்காது.
கைப்பிடியைத் தள்ளினால்
உள்ளே ஆயிரம் சுற்றாய் உறங்கும் செம்புக் கம்பியில்
ஏதோ ஓடத் தொடங்கும்.
ஓடுவதை யாரும் பார்த்ததில்லை.
பார்ப்பதெல்லாம் தரையைத்தான்:
டிராக்டர் பல்சக்கரம், கட்டில் கால்,
தண்டவாளத் துண்டு, ஓர் அடுப்பின் கதவு,
எல்லாம் ஒரு நொடி யோசித்துவிட்டு
எழுந்து வரும்.

கைப்பிடியை விட்டால் விழும்.
ஆனால் சுருளுக்கு நிற்கப் பிடிக்காது.
ஓடிய ஓட்டத்திலேயே
சுவிட்சின் இடைவெளியைத் தாண்டப் பார்க்கும்,
நீலமாக, ஒரு சொடுக்கு.

இதையெல்லாம் ஒரு பொறியாளர்
கரும்பலகையில் ஒரு மணிநேரம் விளக்கினார்.
தொண்ணூற்று நான்கின் பனிக்காலம்
ஒரே மாலையில் விளக்கியது.
ஊர் முழுக்க இருட்டு. தூக்கிய பாரம் அந்தரத்தில்.
ஆபத்துக்கென்று வைத்த பாட்டரிகளை
யாரோ எப்போதோ விற்றுத் தின்றிருந்தார்கள்.
முக்கால் டன், குரா ஆற்றங்கரை வரை கேட்க
விழுந்தது.
கீழே நின்றிருக்க வேண்டிய மல்ஹாஸ்
ஒன்றுக்குப் போயிருந்தான்.
அன்றிலிருந்து அதை அவன்
பிரார்த்தனை போலச் செய்கிறான்.

மறுநாள் மின்சாரம் வந்தது. கிரேனுக்கு வரவில்லை.
கம்பத்திலிருந்து வரும் கேபிளில்
பதினெட்டு மீட்டரைக் காணோம்.
உயிரில்லாத நேரம் பார்த்து
அளந்து வெட்டியிருக்கிறார்கள்.
சுத்தமான வெட்டு.
தொழில் தெரிந்த கை.

நான்காம் நாள் எடைமேடைக்கு
ஒரு சாக்கு செம்பு வந்தது,
உறையெல்லாம் எரித்து, கரிபிடித்து.
செம்பை நான் தூக்க முடியாது.
வயிற்றுக்குள் செம்பை வைத்துக்கொண்டுதான்
இரும்பை இழுக்கிறது அந்த வட்டு.
வெளியே கிடக்கும் செம்பு
யாரென்றே தெரியாது அதற்கு.
கையால்தான் அள்ளினோம்.

ஒரு துண்டில் உறை எரியாமல் மிச்சமிருந்தது.
அதன்மேல் சிவப்பு நாடா.
மூன்று சுற்று, நுனி மடித்து ஒட்டியது.
நுனியை மடிப்பது நான்.
எங்கள் களத்தில் வேறு யாரும்
நாடாவுக்கு அவ்வளவு மரியாதை தருவதில்லை.

கொண்டுவந்தவன் ஜும்பெர்.
உருக்காலையில் மின்பணியாளனாக இருந்தவன்,
உருக்காலை ஓடியவரை.
காலில் இரண்டு வேறு வேறு பூட்ஸ்.
அவன் நாடாவைப் பார்த்தான்.
நான் அவனைப் பார்த்தேன்.
மல்ஹாஸ் தராசைப் பார்த்து,
"இருபத்தொரு கிலோ" என்றான்.
பதினாறுகூட இருக்காது.
கூப்பன் கட்டுகளை எண்ணாமல்
கோட்டுக்குள் திணித்துக்கொண்டு போனான் ஜும்பெர்.

அடுத்த வாரம் முதலாளி
எங்கிருந்தோ பழைய கேபிள் ஒன்றைப் பிடித்தார்.
இணைக்கத் தெரிந்தவன் வேண்டும்.
ஊரில் மிச்சமிருந்தது ஒருவன்தான்.
வந்தான். பேசவில்லை.
ஏணியில் மூன்று மணிநேரம்,
விரல் விறைக்க விறைக்க.
கடைசியில் சிவப்பு நாடா சுற்றி
நுனியை மடித்து ஒட்டினான்.

ஏறிப்போய்க் கைப்பிடியைத் தள்ளினேன்.
இரும்பு எழுந்து வந்தது.
விட்டேன். விழுந்தது,
ஒரு லாடம் தவிர.
ஓட்டம் போனபின்னும் கொஞ்சம் காந்தம் தங்கிவிடும்,
அதை உதற ஒரு கணம்
எதிர்த்திசையில் ஓட்ட வேண்டும்.
ஓட்டவில்லை. தொங்கட்டும்.

"மல்ஹாஸ், மணி என்ன?"
"அஞ்சு, நாஸிப்ரோலா, அஞ்சு!"
வெயில் இன்னும் எடைமேடையைத்
தாண்டவேயில்லை.