சுண்டுவிரலுக்குப் போகும் வழி

புதுப்பேட்டையில் என் வேலை பிரிப்பது.
காலையில் ஒரு பழைய வண்டி வந்து நின்றால்
இருட்டுவதற்குள்
கதவு தனி, கியர்பாக்ஸ் தனி,
ஒயர் ஒரு மூட்டை.
ஐப்பசி மழையில் முன்கண்ணாடியை நெம்பினேன்.
அது என்னைப் பிரித்தது,
மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே.

ஸ்டான்லியில் தைத்தார்கள்.
தலைமுடியைவிட மெல்லிய நூலாம்.
"நரம்பைச் சேர்த்தாச்சு ஜாபர்" என்றார் டாக்டர்.
சேர்த்தாச்சென்றால் ஏன் சுண்டுவிரல்
யாரோ மறந்துவிட்டுப் போன சாமான் மாதிரி இருக்கிறது?
பீடி சுட்டுக் கொப்புளித்ததைக்
கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பிசியோ அறையில் ஹெப்சிபா சொன்னாள்:
வெட்டுக்குக் கீழே இருக்கும் இழை
செத்துக்கொண்டிருக்கிறது, சாகட்டும்.
அதற்கு உறை சுற்றிக் காத்த அணுக்களே
இப்போது அந்த உறையைத் தின்கின்றன.
தின்று மாளாதபோது
ரத்தத்திலிருந்து ஆள் கூப்பிடும்.
வந்தவை விழுங்கும், விழுங்கும்,
ஊதிப்போகிற வரைக்கும் விழுங்கும்.
குப்பை போனால்தான் பாதை.

புரிந்தது.
எங்கள் தெரு முழுக்க அதே தொழில்தான்.
ஆனால் தான் சுற்றிய உறையைத்
தானே தின்பது —
அது எங்களுக்கு வராது.

அப்புறம் அவை வரிசையாக நிற்குமாம்,
உள்ளே ஒன்றுமில்லாத குழாயாக.
மேலே இருந்து ஒரு முளை
சுவரைத் தடவித் தடவி இறங்கும்.
ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்.
ஒரு மில்லிமீட்டர் எனக்குத் தெரியும்:
ஸ்பார்க் பிளக்கில் பொறி தாண்டுகிற சந்து.

பக்கத்துப் பாயில் பக்கிரிசாமி கேட்டுக்கொண்டிருந்தார்.
பேசின் பிரிட்ஜில் லோடு மேலிருந்து விழுந்தவர்,
முதுகுத்தண்டு.
"எனக்கும் அதே கணக்குதானா மேடம்?"
ஹெப்சிபா அவர் கால்பட்டையை
இன்னொரு முறை இறுக்கினாள்.

நடைபாதையில் என்னிடம் சொன்னாள்:
தண்டுக்குள் துப்புரவு ஆள் தாமதமாக வரும்,
மெதுவாகச் செய்யும்.
இடிந்தது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும்.
கிடப்பது சும்மாவும் கிடக்காது,
வருகிற முளையிடம்
வராதே என்று சொல்லிக்கொண்டிருக்கும்.
திரும்பிப் போய்
பக்கிரிசாமியிடம் மணி என்ன என்று கேட்டேன்.
வேறு எதுவும் கேட்கத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும்
மணிக்கட்டிலிருந்து கீழே தட்டிக்கொண்டே வருவேன்.
எந்த இடத்தில் மின்சாரம் மாதிரி சுரீரென்கிறதோ
அதுவரை வந்திருக்கிறது.
பால்பாயின்ட்டில் ஒரு புள்ளி.
குளித்தால் அழியும், மறுபடி வைப்பேன்.
தை போனது, பங்குனி போனது,
புள்ளிகள் உள்ளங்கையின் ஓரமாக
எறும்பு மாதிரி ஊர்ந்தன.

வெயில் உச்சத்தில் ஒரு நாள்
கவுஸ் கடையில் டீ கிளாஸைப் பிடித்தேன்.
சுட்டது!
நான் போட்ட சத்தத்தில்
கிளாஸ் விரிசல் என்று நினைத்து
வேறொன்று கொடுத்தான்.
அதுவும் சுட்டது.

ஆனால் ஒரு குளறுபடி.
மோதிரவிரலின் ஓரத்தைத் தொட்டால்
சுண்டுவிரல் பதில் சொல்கிறது.
"சில இழை தப்பான குழாயில் இறங்கியிருக்கும்,
மூளை பழகிக்கும்" என்றாள் ஹெப்சிபா.

பக்கிரிசாமி சிரித்தார்.
அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.
"நான் ஒரு தட்டு தட்டட்டுமா?"
கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினேன்.
எந்த விரலில் தட்டினாரோ.
சுண்டுவிரலில் வந்தது.